அம்மாவின் ரொட்டி, டீச்சரின் நாற்காலி

கேள்வி:

வணக்கம் டொக்டர். எனக்கு 47 வயது. ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் 19 வருடமாகப் படிப்பிக்கிறேன். உயரம் 155 சென்டிமீற்றர், எடை 74 கிலோ. கலியாணம் முடித்த காலத்தில் 49 கிலோதான் இருந்தேன். வயிற்றுச் சுற்றளவு 39 அங்குலம் என்று தையல்காரி சொன்னார். போன மாதம் பார்த்ததில் வெறும் வயிற்று சுகர் 112, பிரஷர் 138/88. பாடசாலை வாசலிலிருந்து ஆசிரியர் அறைக்கு 62 படி. பாதியில் நின்று, கையிலுள்ள கொப்பிகளை அடுக்குவதுபோல் பாவனை செய்துதான் மூச்சு வாங்குகிறேன்.

மாசி மாதம் சிவனொளிபாத மலைக்குப் போனோம். எப்படியோ ஏறிவிட்டேன். இறங்கி வந்த பிறகு நான்கு நாள் வீட்டு வாசற்படிகூட இறங்க முடியவில்லை. என் அம்மா இதே வயதில் நாளுக்கு 18 கிலோ தேயிலைக் கொழுந்து எடுத்தவர். அவர் சாப்பிட்டதைத்தான் நானும் சாப்பிடுகிறேன். அவர் ஒரு நாளும் பெருக்கவில்லை. இரவுச் சாப்பாட்டை நிறுத்திப் பார்த்தேன். மூன்று வாரத்தில் 3 கிலோ குறைந்தது, இரண்டு மாதத்தில் 4 கிலோ ஏறியது. கூடப் படிப்பிக்கும் ஒருவர் கொழுப்பைக் கரைக்கும் தேயிலை என்று ஒரு பெட்டி தந்திருக்கிறார். காசு மாதக் கடைசியில் கொடுக்க வேண்டும். ஜிம்முக்குப் போக வெட்கம். வீடு மேலே, பாடசாலை கீழே, நடுவில் இரண்டு கிலோமீற்றர். போகவர ஓட்டோதான். ஒரு நாள் நடந்தேன், "என்ன டீச்சர், ஓட்டோ வரலியா?" என்று வழிநெடுக நிறுத்திக் கேட்டார்கள். ஐப்பசியில் அண்ணன் மகள் கலியாணம். அதற்குள் 15 கிலோ குறைக்க வழி சொல்லுங்கள்.

— ஒரு டீச்சர், ஹட்டன்

பதில்:

வணக்கம் டீச்சர். கொப்பி அடுக்கும் கதையை வாசித்துச் சிரித்துவிட்டேன், மன்னிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் படியில் நின்று போனை எடுத்துப் பார்ப்பார். இன்னொருவர் செருப்பு வாரைச் சரிசெய்வார். ஆனால் என் பதில் அந்தப் படியில்தான் தொடங்க வேண்டும். 62 படியில் மூச்சு வாங்குவதற்கு எடை மட்டும்தான் காரணம் என்று நீங்களும் முடிவு கட்டாதீர்கள், நானும் கட்டமாட்டேன்.

47 வயதில் பல பெண்களுக்கு மாதவிடாய் தாறுமாறாகும். சிலருக்கு அதிகமாகப் போகும். இரத்தம் குறைந்தால் படியேற மூச்சு வாங்கும். தைரொயிட் குறைந்தாலும் களைப்பு வரும், எடையும் ஏறும். ஆகவே முதல் வேலையாக இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின், தைரொயிட்டுக்கு ரீ.எஸ்.எச்., மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி., கொலஸ்ட்ரோல் நான்கையும் பார்த்துவிடுங்கள். ஒரு ஈ.சீ.ஜி.யும் எடுத்துவிடுங்கள். படியேறும்போது நெஞ்சு இறுகினால், தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவினால், தேவையில்லாமல் வியர்த்துக் கொட்டினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்தப் பதிலை அப்புறம் வாசிக்கலாம். 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களைக் கூப்பிட்டுப் பரிசோதிக்கும் வெல் வுமன் கிளினிக் உங்கள் பக்கத்திலும் இருக்கும். 45இல் நீங்கள் போகவில்லை என்றால் இப்போதாவது போங்கள்.

சுகர் 112 என்பது இன்னும் நீரிழிவு இல்லை. 100க்கும் 125க்கும் இடைப்பட்டதை நீரிழிவுக்கு முந்திய நிலை என்கிறோம். திரும்பிப் போக வழியுள்ள இடம் அது. எடையைவிட எனக்கு அந்த 39 அங்குலம்தான் உறுத்துகிறது. நம்மைப் போன்ற தெற்காசியப் பெண்களுக்கு வயிற்றுச் சுற்றளவு 80 சென்டிமீற்றரைத் தாண்டினால் கவனம் வேண்டும் என்பது கணக்கு, அதாவது 31½ அங்குலம். எடை மெசினை விட்டுவிட்டுத் தையல் நாடாவை நம்புங்கள் என்று எல்லோருக்கும் சொல்வேன். உங்களுக்குத் தையல்காரியே ஆள் இருக்கிறார்.

இனி அம்மாவின் விஷயம். உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை வாசித்த வரி, "அவர் சாப்பிட்டதைத்தான் நானும் சாப்பிடுகிறேன்" என்பது. விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். அம்மா விடிய எழும்பி, தேங்காய்ப்பூ போட்ட ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு, காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போனார். அங்கிருந்து மலைக்கு ஏறி, பகல் முழுக்கச் சரிவில் நின்று, கொழுந்துப் பாரத்தோடு நிறுவைக்கு இறங்கி, மறுபடி ஏறினார். அந்த ரொட்டி அந்த மலைக்காகச் சுட்ட ரொட்டி. நீங்கள் படித்தீர்கள், ஒரே தலைமுறையில் மலையிலிருந்து இறங்கி நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். அதில் எனக்கும் சந்தோஷம்தான். உடம்பு இறங்கியது, தட்டு மட்டும் இன்னும் மேலேயே நிற்கிறது.

அம்மாவின் ஒல்லி உடம்பைப் பெரிய ஆரோக்கியமாகவும் நினைக்க வேண்டாம். அதில் பாதி உழைப்பு, மீதி பற்றாக்குறை. 2016இல் இலங்கை முழுக்க எடுத்த கணக்கில், தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100க்கு 31 பேருக்கு மேல் வயதுக்கேற்ற உயரம் இல்லை. நாட்டின் சராசரி 17. அம்மா வயிற்றிலும் சிறு வயதிலும் போதாமல் வளர்ந்த உடம்புக்குப் பிற்காலத்தில் தாராளமாகக் கிடைத்தால் சுகரும் பிரஷரும் சீக்கிரம் வருகின்றன. நம் ஆட்களுக்கு இது இரட்டை அடி. அதனால்தான் "எனக்கு மட்டும் ஏன்" என்று உங்களை நீங்களே குற்றம் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

"வயசு போனா உடம்பு எரிக்கிற சக்தி குறைஞ்சிரும்" என்ற பேச்சையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். 2021இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. 29 நாடுகளில், எட்டு நாள் குழந்தை முதல் 95 வயது வரை 6,400 பேருக்கு மேல் அளந்து பார்த்தார்கள். உடம்பின் பருமனுக்கும் தசையின் அளவுக்கும் ஏற்பக் கணக்கிட்டால், 20 வயதிலிருந்து 60 வரை எரிப்பு ஏறக்குறைய மாறவேயில்லை. குறைவது தசைதான். 30க்குப் பிறகு, பயன்படுத்தாமல் விட்டால், பத்து வருடத்துக்கு நூற்றில் மூன்று முதல் எட்டுப் பங்கு கரைகிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டி, தொடையில் சேர்ந்த கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுகிறது. நீங்கள் இரவுச் சாப்பாட்டை விட்டு இறக்கிய 3 கிலோவில் தசையும் போயிருக்கும். திரும்பி ஏறிய 4 கிலோவில் பெரும்பகுதி கொழுப்பாகவே இருந்திருக்கும். நட்டமான வியாபாரம். அதைத் திரும்பச் செய்யாதீர்கள்.

சரி, சாப்பாடு. நீங்கள் தனித்தாளில் எழுதி அனுப்பிய பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். விடிய 4.45க்குப் பால் தேத்தண்ணீர், ஏழு மணிக்கு இரண்டு ரொட்டி, சம்பல், பாலில்லாத பிளேன்டி. இடைவேளைக்குக் கன்டீனில் ஒரு றோல்ஸ். பகலுக்குச் சோறு, பருப்பு, உருளைக்கிழங்குக் கறி. நாலரைக்குத் தேத்தண்ணீரும் பிஸ்கட்டும். இரவு ஒரு ரொட்டி. நாள் முழுக்க ஆறு தேத்தண்ணீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி.

இதில் வாய்க்கு ருசியான பாவம் என்று பார்த்தால் அந்த றோல்ஸ் ஒன்றுதான். மற்றதெல்லாம் வீட்டுச் சாப்பாடு. ஆனால் கூட்டிப் பாருங்கள். உள்ளங்கை அகலத் தேங்காய் ரொட்டி ஒன்றில் ஏறக்குறைய 60 கிராம் கோதுமை மாவும் ஒரு பிடி தேங்காய்ப்பூவும் இருக்கும். 300 கலோரிக்குக் கிட்ட வரும். மூன்று ரொட்டிக்கு 900. நாற்காலி வேலை செய்யும் உங்கள் உடம்புக்கு நாளுக்கு 1,800 சொச்சம் போதும். அதில் பாதி இந்த மூன்று ரொட்டியிலேயே முடிந்தது. அடுத்தது சீனி. கரண்டிக்கு 5 கிராம் என்று பார்த்தாலும் ஆறு கோப்பைக்கு 60 கிராம். நாளுக்கு 50 கிராமுக்கு உள்ளே, முடிந்தால் 25க்கு உள்ளே நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எனவே சீனியிலிருந்து தொடங்குவோம். ஒரேயடியாக நிறுத்தச் சொன்னால் நீங்கள் மூன்றாம் நாள் என்னைத் திட்டுவீர்கள். இரண்டு கரண்டியை ஒன்றரையாக்குங்கள். பத்து நாள் கழித்து ஒன்று, பிறகு அரை. நாக்கு பழகிக்கொள்ளும். தேயிலை விளையும் ஊரில் இருந்துகொண்டு தேயிலையின் ருசி தெரியாமல் சீனியின் ருசியைக் குடிக்கிறோம், இது எனக்கு நெடுநாள் ஆதங்கம். ஹீமோகுளோபின் குறைவாக வந்தால் இன்னொன்றும் செய்யுங்கள்: சாப்பாட்டோடு பிளேன்டி குடிக்காதீர்கள். தேயிலைச் சாயம் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

காலையில் ஒரு ரொட்டி போதும். எடுத்த ரொட்டியின் இடத்தில் ஒரு அவித்த முட்டை, அல்லது அவித்த பயறு ஒரு கோப்பை வையுங்கள். சம்பல் இருக்கட்டும்; அளவு பாதியாகட்டும். குரக்கன் (கேழ்வரகு) மா கலந்து சுடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். சுடலாம், நார்ச்சத்து கூடும். ஆனால் குரக்கன் என்பதற்காக மூன்று ரொட்டி சாப்பிட்டால் மூன்று ரொட்டிதான்.

பகல் தட்டுத்தான் எனக்குப் பெரிய கவலை. சோறு மாச்சத்து, கிழங்கும் மாச்சத்து. நாம் கிழங்கைக் கறி என்று கணக்கு வைத்திருக்கிறோம், உடம்பு அதை இன்னொரு சோறாகத்தான் எண்ணுகிறது. லீக்ஸ், கரட், போஞ்சி, கோவா, நோகோல் எல்லாம் நம் மலையில் விளைந்து லொறியில் கொழும்புக்குப் போகின்றன. நாம் பருப்பும் கிழங்கும் வைத்துச் சாப்பிடுகிறோம். தட்டில் பாதிக்கு அந்த மரக்கறியும் வல்லாரைச் சம்பலும் இருக்கட்டும். சோறு ஒரு தேத்தண்ணீர்க் கோப்பை அளவு. மீதி இடத்தில் கெட்டிப் பருப்போடு மீன், முட்டை, கடலை, சோயா மீட், நெத்தலி என்று ஏதாவது ஒன்று. நெத்தலியைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துக் கழுவி எடுங்கள், உங்கள் பிரஷருக்கு அந்த உப்பு வேண்டாம். கிழங்கு சமைக்கிற நாளில் சோற்றில் பாதியைக் குறைத்துவிட்டுக் கிழங்கைச் சாப்பிடுங்கள். விலக்கு வைக்கச் சொல்லவில்லை.

றோல்ஸுக்குப் பதில் அவித்த கடலையைக் கடதாசிச் சுருளில் சுற்றிக் கைப்பையில் எடுத்துப் போங்கள். ஆசிரியர் அறையில் யாராவது பிறந்தநாள் கேக் கொண்டுவந்தால் ஒரு துண்டு சாப்பிடுங்கள். அதைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம்.

அந்தத் தேயிலைப் பெட்டியைத் திறந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். இப்படி வரும் பொருட்களில் பலவற்றில் வேலை செய்வது பேதி மருந்து. போவது தண்ணீரும் உப்பும், கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். இதயத்துக்கு ஆபத்து என்று 2010இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நிறுத்தப்பட்ட சிபுட்ராமின் என்ற மருந்தை, பெட்டியில் பெயர் போடாமல் இத்தகைய பொருட்களில் கலந்து விற்றுப் பலமுறை பிடிபட்டிருக்கிறார்கள். பிரஷர் 138 உள்ள உங்களுக்கு அது விளையாட்டில்லை. எடை குறைக்க என்று விற்கும் கொறக்கா மாத்திரையும் அப்படித்தான்: மீன் குழம்பில் போடும் கொறக்காவுக்கு நான் எதிரியில்லை, அதையே செறிவாக்கி மாத்திரையாக விழுங்கியவர்களுக்கு ஈரல் கெட்ட சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. பெட்டியை அப்படியே திருப்பிக் கொடுங்கள். "டொக்டர் வேணாம்னுட்டாரு" என்று பழியை என்மேல் போட்டால் சிநேகமும் கெடாது, மாதக் கடைசியும் தப்பும்.

அடுத்து மலை. சிவனொளிபாதம் ஏறி இறங்கிய உங்கள் அனுபவத்தில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. நல்லதண்ணிப் பக்கமாக ஏறும் வழியில் 5,000க்கு மேல் படி. ஏற்றம் மூச்சை வாங்கும், இறக்கம் முழங்காலை வாங்கும். இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் உடல் எடையின் மூன்று மடங்குக்கு மேல் முழங்காலில் விழுகிறது. அதைத் தாங்கிப் பிடிப்பது முன்தொடைத் தசை. அது நீண்டுகொண்டே பிரேக் பிடிக்க வேண்டும். பழக்கமில்லாத தசைக்கு அந்த வேலை கொடுத்தால் இரண்டாம் மூன்றாம் நாள் வலி உச்சத்துக்குப் போகும். உங்களுக்கு நடந்தது அதுதான், மூட்டு தேய்ந்துபோனதாக அர்த்தமில்லை. முழங்கால் தேய்மானமும் கூடிய எடையும் உள்ளவர்களிடம் செய்த ஓர் ஆய்வில், ஒரு கிலோ குறைந்தால் நடக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் பாரம் நாலு கிலோ குறைவதைக் கண்டார்கள்.

ஆகவே உங்கள் வீட்டு ரோட்டுக்கு என் யோசனை இது: ஏறி நடங்கள், இறங்கும்போது ஓட்டோவில் போங்கள். காலையில் சேலை கட்டிக்கொண்டு பனியில் இறங்க வேண்டாம். பின்னேரம் பாடசாலை விட்டு வரும்போது, முதல் இரண்டு வாரம் ஓட்டோவில் பாதி ரோட்டுக்கு வந்து இறங்கி, மீதியை நடந்து ஏறுங்கள். வேகம்? பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. பேச்சும் வராவிட்டால் நில்லுங்கள், கொப்பி அடுக்குங்கள். மூன்றாம் வாரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக முழுத் தூரம். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் வந்தால் 150 நிமிடம் ஆயிற்று. ஆகக் குறைந்தது அவ்வளவு வேண்டும். கைப்பையில் ஒரு ஜோடி கன்வஸ் சப்பாத்து வைத்துக்கொள்ளுங்கள். சேலைக்குப் பொருந்தவில்லை என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

விடியற்காலையில் தனியாகத் தேயிலைக்குள் நடங்கள் என்று மட்டும் நான் எழுதமாட்டேன். பத்திரிகைகளில் எழுதும் டொக்டர்களுக்கு அதிகாலை நடை என்றால் அப்படி ஒரு பிரியம்! நம் பக்கத்தில் குளவி இருக்கிறது, அட்டை இருக்கிறது, நாய் இருக்கிறது, சில இடங்களில் சிறுத்தையும் இருக்கிறது. வெளிச்சத்தில், ஆள் நடமாட்டமுள்ள ரோட்டில் நடந்தால் போதும்.

இப்போது மழைக்காலம், வாரத்தில் இரண்டு மூன்று நாள் நடக்க விடாது. அந்த நாட்களை நாற்காலிக்குக் கொடுங்கள். கைப்பிடி இல்லாத, ஆடாத மர நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு எழும்புங்கள். உட்காரும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி மெதுவாக உட்காருங்கள். தொப்பென்று விழக் கூடாது. அந்த மெதுவான உட்காருதல்தான் இறக்கத்துக்கான பயிற்சி. எட்டு முறை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி எட்டு. முதல் வாரம் கையை ஊன்ற வேண்டியிருந்தால் ஊன்றுங்கள். அப்புறம் சுவரில் இரு கைகளையும் ஊன்றித் தள்ளுவது பத்து முறை. கேத்தில் கொதிக்கும்வரை குசினியில் நின்றபடி குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். ஒவ்வொரு கையிலும் இரண்டு கிலோ மாப் பை பிடித்துக்கொண்டு வீட்டின் நீளத்துக்கு நடந்து வாருங்கள் (கோதுமை மாவுக்கு அதைவிட நல்ல உபயோகம் எனக்குத் தெரியவில்லை). மழை இல்லாவிட்டாலும் வாரத்தில் இரண்டு நாள் இது வேண்டும். நடையால் மூச்சு பழகும். தசை திரும்பி வருவது இதனால்தான். முழங்கால் வீங்கினாலோ, வலி இரவில் தூக்கத்தைக் கெடுத்தாலோ நிறுத்திவிட்டு இயன்மருத்துவரை (பிசியோதெரபிஸ்ட்) பாருங்கள்.

15 கிலோ? ஐப்பசிக்குள் முடியாது, முடிய வைக்கவும் கூடாது. வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கினாலே நல்ல வேகம், அதுவும் ஒவ்வொரு வாரமும் இறங்காது. கலியாணத்துக்குள் 4, 5 கிலோ இறங்கி வயிற்றில் இரண்டு அங்குலம் குறைந்தால் நான் கைதட்டுவேன். எடையே அசையாமல் போனாலும் விட்டுவிடாதீர்கள். ஏன் என்றால், சுகர் எல்லையில் நின்றவர்களை வைத்துச் சென்னையில் ஓர் ஆய்வு நடந்தது. 2006இல் முடிவு வெளியானது. மூன்று வருடத்தில், ஒன்றும் மாற்றாதவர்களில் 100க்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. மாற்றியவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை என்பதுதான் இதில் விசேஷம். மெசின் முள் அப்படியே நின்றது, உள்ளே வேலை நடந்துகொண்டிருந்தது. இது நம் சோறும் நம் உடம்பும் உள்ள ஊரில் நடந்த கணக்கு என்பதால் எனக்கு இதில் கூடுதல் நம்பிக்கை.

பத்தரைக்குப் படுத்து நாலரைக்கு எழும்புவதாகவும் அந்தத் தாளில் எழுதியிருக்கிறீர்கள். ஆறு மணி நேரம் போதாது. தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும், குறிப்பாக இனிப்புக்கு. பகல் கறிக்கு மரக்கறியை இரவே வெட்டி வைக்க வீட்டில் வேறு யாருக்காவது கை இருக்கும். உங்கள் கணவருக்கு என் அன்பைச் சொல்லுங்கள், அப்படியே கத்தியையும் கொடுங்கள்.

இரத்த ரிப்போர்ட்டைப் பக்கத்து ஆஸ்பத்திரி டொக்டரிடம் காட்டுங்கள். பிரஷர் மூன்று நாலு தடவை பார்த்தும் 140க்கு மேல் நின்றால் மாத்திரை தொடங்கலாமா என்று அவர் முடிவு செய்வார். அதற்குப் பயப்பட வேண்டாம். மூன்று மாதம் கழித்து எனக்கு எழுதும்போது எடையை எழுதாவிட்டாலும் பரவாயில்லை. நாடா என்ன சொல்கிறது, 62 படியில் எந்தப் படிவரை கொப்பி அடுக்காமல் போகிறீர்கள், இரண்டை மட்டும் எழுதுங்கள்.

இனி ரோட்டில் யாராவது நிறுத்தி, "என்ன டீச்சர், ஓட்டோ வரலியா?" என்று கேட்டால், "காலையில வரும்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டே இருங்கள்.